சமவெளிப் பிள்ளைகளும் கடற்கரை முகாமும்

வைகையைக் கடல் காணாத நதி என்று நம் முன்னோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையைத் தழுவி ஓடி, வழியெல்லாம் கண்மாய்களுக்கு நீரைப் பகிர்ந்தளித்து, எஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்த்துவிட்டு ஓய்ந்துபோகும் ஆறு அது. பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் மட்டுமே அதன் மிச்சநீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடும். மதுரைச் சீமைப் பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. கொற்கை முத்தையும் பாண்டியர் துறைமுகத்தையும் பாடநூலில் படிக்கிறார்கள். நெய்தல் திணையின் கருப்பொருள்களைத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். கடலில் நீர் எப்பொழுது ஏறும், எப்பொழுது வற்றும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இத்தனைக்கும் மண்டபம் கடற்கரை மதுரையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. 1902ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் பள்ளிகள் கடலுக்குச் செல்வதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆண்டுதோறும் சுற்றுலாப் பேருந்துகள் செல்கின்றன. பிள்ளைகள் காலையில் இறங்கி, கால் நனைத்து, பாலத்தைப் பார்த்து, சங்குமாலை வாங்கிக்கொண்டு மாலையில் ஏறி விடுகிறார்கள். நாம் இங்கே பேச விரும்புவது வேறொன்று. கடலோரத்தில் சில நாட்கள் தங்கி, கடலையே ஆசிரியராகக் கொண்டு கற்கும் முகாம். அதன் வரலாறு நம் பகுதியில் நாம் எண்ணுவதைக் காட்டிலும் நீளமானது. சில இடங்களில் கசப்பானதும்கூட.

உலக அளவில் இத்தகைய முகாமின் தொடக்கத்தைத் தேடுவோர் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவைச் சுட்டுவர். 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை அத்தீவின் கரையில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். செல்வர் வீட்டுப் பள்ளிச் சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் ஒரே கூடாரத்தில் உறங்கினர் என்பதே அன்று பெரும் புதுமை. சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இந்தியாவுக்கு அது 1909இல் வந்தபோது ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே உரியதாயிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றதும் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் இயக்கம் கண்டார். பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றாகி, 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. பின்னர், இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1941இல், வேல்ஸ் நாட்டு அபர்டவி என்னும் கடற்கரை ஊரில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர், லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியின் துணையுடன் ஒரு மாதப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கப்பல் தாக்குண்டு கவிழ்ந்தால் இளம் மாலுமிகள் பிழைத்திருக்கக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வீரவிளையாட்டாகவும் விடுமுறைக் களிப்பாகவும் பின்னாளில் பரவிய இம்முறையின் அடியில் உயிர்காக்கும் கவலை ஒன்று இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இனி நம் கரைக்கு வருவோம்.

இராமேசுவரம் செல்லும் தொடர்வண்டியில் மண்டபத்துக்கு முன்னே ‘மண்டபம் முகாம்’ என்றே ஒரு நிலையம் உண்டு. எந்த முகாம், யாருடைய முகாம் என்று கேட்பவர் குறைவு. பள்ளி மாணவர் தங்கிய முகாம் அன்று அது. இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களை, கப்பலேறுமுன் சில நாட்கள் தனிமைப்படுத்தி, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமி நீக்கி அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம் அது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் இவ்வழியே சென்றோர் மிகப் பலர். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து பெற்றோரின் கைபிடித்து வந்த சிறுவர் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். சமவெளிப் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கடலோரத்தில் தங்கிய முதல் முகாம் எது என்று நம்மைக் கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. கடல் என்பது தாய்மண்ணை விட்டுப் பிரிக்கும் நீர் என்பதை மட்டும் அவர்கள் தாமாகவே கற்றார்கள். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ உடன்பாட்டின்படி அவர்களுடைய வழித்தோன்றல்கள் திரும்பி வந்தபோதும், 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் ஏதிலிகள் வந்தபோதும், அதே மண்டபம் அவர்களை ஏற்றது. நம் பங்குகளிலும் அவர்தம் குடும்பங்கள் உள்ளன. விவரம் கேட்க விரும்புவோர் அவர்களிடமே கேட்கலாம்.

முகாமின் பெயர் மாறாமலே அதன் பொருள் மாறிய காலமும் ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நிறுவப்பட்ட நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949இல் மண்டபம் முகாமுக்கு இடம்பெயர்ந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை இந்தியக் கடல் ஆய்வின் தலைவாசலாக இந்தச் சிற்றூர் விளங்கிற்று. எனினும் மாணவர்களை இக்கரைக்கு இழுத்த பெயர் அதற்கு முன்பே இருந்தது: குருசடைத் தீவு. பாம்பன் பாலத்துக்குத் தெற்கே, கண்ணுக்கு எட்டும் தொலைவில் கிடக்கும் சிறு தீவு அது. சாலையோரச் சிலுவைக் கோவிலை நாம் குருசடி என்போம்; அச்சொல்லோடு இத்தீவின் பெயர் ஒலியால் நெருங்கி நிற்பது நம் காதுக்கு இனிக்கிறது. அதற்குமேல் அதைக் கொண்டு எதையும் நிறுவ நாம் முயலவில்லை.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890இல் நூல் எழுதினார். அவர் வழிவந்த கிரேவ்லியும் துணைவர்களும் குருசடையின் கரையோர உயிர்களை வகைவகையாக ஆராய்ந்து 1927இல் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தனர். சில மணி நேரத்தில் நடந்து சுற்றிவிடக்கூடிய ஒரு தீவுக்கு ஒரு தடித்த நூல்! அதில் அத்தனை உயிர் இருந்தது. மாகாண மீன்துறையும் தீவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. அதன்பின் விலங்கியல், தாவரவியல் பயிலும் கல்லூரி மாணவர்களுக்குக் குருசடைப் பயணம் பாடத்திட்டத்தின் பகுதி போலவே ஆகிவிட்டது.

அந்நாளைய களப்பயணம் எப்படி நடக்கும்? பாம்பனிலிருந்து வள்ளத்தில் தீவுக்குச் செல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஏற்ற வற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆதலால் பாறைத்திட்டுகள் வெளியே தலைகாட்டும் நேரம் சிறிது. அந்நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய பாடம் போயிற்று. கல்லூரி மணியைக் கேட்டே பழகிய மாணவன் முதன்முறையாக நிலவைக் கேட்டு எழ வேண்டியிருந்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்கு வற்றும் என்பது அவன் கற்ற முதல் பாடம். முழங்கால் நீரில் குனிந்து பவளப்பாறையின் இடுக்குகளில் அவன் கடல் அல்லியையும் நட்சத்திர மீனையும் கடல் அட்டையையும் கண்டான். மணலில் சுருள்சுருளாகக் கிடக்கும் கழிவைப் பின்தொடர்ந்து தோண்டினால், தொட்டால் அறுந்துபோகும் மென்மையான புழு ஒன்று வெளிப்படும். பலனோகுளோசஸ் என்று பாடநூல் அதற்குப் பெயர் சொல்லும். முதுகெலும்பில்லா உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்ட தொடர்பை விளக்க ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த உயிர் அது. கரும்பலகையில் கண்டதை ஈர மணலில் கண்ட மாணவனின் வியப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு கூட்டமும் புட்டிகளை நிரப்பிக்கொண்டுதான் திரும்பியது. நம் கல்லூரிகளின் ஆய்வுக்கூட அலமாரிகளில், பார்மலின் நீரில் வெளுத்துப்போன கடற்குதிரைகளையும் பவளத் துண்டுகளையும் நாம் கண்டிருக்கிறோம். அக்காலத்தில் அதுவே கல்வி என்று கருதப்பட்டது. அவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. ஏனெனில் மாணவன் புட்டியில் எடுத்ததைப் பிறர் வள்ளம் வள்ளமாக எடுத்தனர். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் கட்டடத்துக்கும் அனுப்புவது இக்கரையில் நெடுநாள் தொழில். தனுஷ்கோடியில் சிதைந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை அருகே சென்று பார்த்தால், செங்கல்லுக்குப் பதிலாகப் பவளக் கற்கள் அடுக்கப்பட்டிருப்பது தெரியும். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் நீருக்குள் அமிழ்ந்துபோயின. சுற்றியிருந்த பவள அரண் வெட்டப்பட்டதே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1986இல் அத்தீவுகளும் சூழ்கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளமும் கடல் அட்டையும் கடற்குதிரையும் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. காப்பு வந்தது நல்லதே. ஆனால் தீவைச் சுற்றிக் கோடு கிழித்தபோது, அக்கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆய்வு மாணவன் அனுமதிச் சீட்டோடு உள்ளே செல்லலாம். பாட்டி காலத்திலிருந்து அத்தீவுகளின் ஓரத்தில் மூழ்கிப் பாசி எடுத்து வந்த பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள்.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களின் அப்பெண்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மூச்சுக்கருவி ஏதுமில்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை வெட்டாதிருக்க விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிகளை அவர்கள் பெயரிட்டு அழைக்கிறார்கள். மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றப்படும் கூழ் அம்மரிக்கொழுந்திலிருந்து வருவது. எந்தப் பாறையில் எப்பொழுது பாசி தழைக்கும், எவ்வளவு விட்டால் மீண்டும் வளரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு விடுவது என்றும் அவர்களே ஒழுங்கு செய்துகொண்டார்கள். சின்னப்பாலத்து இலட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீக்காலஜி பரிசு கிடைத்தது. குருசடைக்கு வந்துபோன மாணவர் கூட்டங்களில் எத்தனை கூட்டம் இப்பெண்களிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கும்? நம் கல்விமுறை அவர்களைப் படகருகே நின்ற கூலியாட்களாகப் பார்த்ததேயன்றி ஆசிரியராகப் பார்த்ததில்லை என்பதே நம் கணிப்பு.

இதனால் நேர்ந்த இழப்பு அறிவுக்கு மட்டுமானதன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டி, நிலையத்தை அடையுமுன்பே புயலலையில் மூழ்கியது. அதிலிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர், ஒருவரும் பிழைக்கவில்லை. கல்விச் சுற்றுலா வந்த மாணவர் கூட்டமொன்றும் அவர்களுள் இருந்ததாக அந்நிகழ்ச்சி பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. புயலைப் பற்றி அக்காலத்தில் இவ்வளவு முன்னறிவிப்பு வசதி இல்லை. அந்த வண்டியை அனுப்பியவர்களை இங்கே விசாரிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், கடலைக் காண ஊர்களைத் தாண்டி வந்த பிள்ளைகள் கடலை அறியாமலே மாண்டனர் என்ற எண்ணம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் அன்று உயிரிழந்தோரில் திருப்பயணிகள் பலர். நம் குடும்பங்களில் வேளாங்கண்ணி செல்லாதார் இல்லை. திருப்பலி முடிந்து பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லாதாரும் இல்லை. ஆதலால் அந்தச் செய்தியை நாம் பிறர் செய்தியாகப் படிக்கவில்லை. அதே நாளில் தாய்லாந்தின் மாய்க்காவோ கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல்நீர் நுரைத்துக் கொதிப்பது போல் புரளுவதைக் கண்டு, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் கேட்ட பாடத்தை நினைவுகூர்ந்தாள். அவள் வற்புறுத்தியதால் ஏறத்தாழ நூறு பேர் கரையை விட்டு வெளியேறித் தப்பினர். இந்தோனேசியாவின் சிமெயுலுவே தீவிலோ பள்ளிப்பாடம் தேவைப்படவில்லை. 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லில் பாட்டிமார் தாலாட்டாகவும் கதையாகவும் காத்து வந்திருந்தனர். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கியதும் மக்கள் குன்றேறிவிட்டனர். நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் இருந்த அத்தீவின் 70,000க்கும் மேற்பட்ட மக்களுள் இறந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

ஒரு வகுப்பறைப் பாடமும் ஒரு பாட்டியின் சொல்லும் அன்று ஒரே வேலையைச் செய்தன. கடற்கரை முகாம் என்பது அவ்விரண்டும் சந்திக்கும் இடமாக இருக்க வேண்டும் என்று நாம் கருதுவது இதனால்தான்.

முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. 1970களில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் இரவில் நடந்து கடலாமை முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988இல் அப்பணியை மாணவர்களே ஏற்று ஓர் அமைப்பாயினர். குளிர்காலம் தொடங்கிக் கோடை வரும்வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் நள்ளிரவுக்குமேல் நடப்பார்கள். ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டறிந்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை அப்படியே எடுத்து, காவல் வேலிக்குள் புதைத்து, ஏறத்தாழ 45 நாட்களுக்குப் பின் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். செத்து ஒதுங்கும் ஆமைகளையும் எண்ணிக் குறிப்பார்கள். 2025 சனவரியில் அவை நூற்றுக்கணக்கில் கரையொதுங்கின. பார்வையாளராக வந்த பிள்ளையின் கையில் பொறுப்பைக் கொடுத்த கல்வி இது. குருசடைக்குச் சென்ற மாணவன் எடுத்து வந்தான். சென்னை மாணவன் இரவெல்லாம் நடந்து திருப்பிக் கொடுத்தான்.

மதுரையும் இதில் முற்றிலும் பின்தங்கியதன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் புதுமடம் கரையில் கடலாய்வுக்கென ஒரு நிலையம் கண்டது. வளர்ப்புக்கென வந்த அயல்நாட்டுப் பாசி ஒன்று குருசடையின் பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூடுகிறது என்று 2008இல் எடுத்துரைத்தவர்களும் மதுரை ஆய்வாளர்களே. வடக்கே காரங்காடு என்னும் கத்தோலிக்க மீனவ ஊரில், வனத்துறையோடு சேர்ந்து ஊராரே படகோட்டி அலையாத்திக் காட்டுக்குள் விருந்தினரை அழைத்துச் சென்று விளக்கம் சொல்லும் ஏற்பாடு 2010களின் பிற்பகுதியில் வந்தது. விளக்கம் சொல்பவர் நேற்றுவரை வலையிழுத்தவர். நம் பங்கு இளைஞர் இயக்கங்களும் பள்ளி நிருவாகிகளும் ஒருமுறை சென்று பார்க்கத்தக்க இடம்.

செல்வோர் நாள் குறிக்கும்போது ஒன்றைக் கருத்தில் கொள்வது நன்று. பாம்பனுக்கு வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் தனுஷ்கோடிப் பக்கத்தார் சொல்வர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்தால் அமைதியாயிருந்த வடகடலும் முரண்டுபிடிக்கும். காற்றுக்கேற்ப மீனவர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் படகை மாற்றிக்கொள்வது வழக்கம். நம் பள்ளிகளோ காலாண்டு விடுமுறை எப்பொழுது, அரையாண்டு விடுமுறை எப்பொழுது என்று நாட்காட்டியைப் பார்த்துப் பேருந்துக்கு முன்பணம் கட்டுகின்றன. காலாண்டு விடுமுறையில் எந்தக் கரை, அரையாண்டு விடுமுறையில் எந்தக் கரை என்பதை அக்கரைப் பங்கிலுள்ள ஒரு மீனவப் பெரியவரைக் கேட்டு முடிவு செய்யலாம். கேட்கச் செல்லும்போது பிள்ளைகளில் இருவரை உடன் அழைத்துச் சென்றால், முகாம் அந்தத் திண்ணையிலேயே தொடங்கிவிடும்.